அண்ணன் அரசாங்க ரகசியமானார்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம், காஜா பேராங்கிலிருந்து கோர்ட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் கணவரின் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

“என் புருஷன் லாக்கப்புல எப்படிச் செத்தாருன்னு கேட்டா, அது அரசாங்க ரகசியமாம்!”

“அண்ணனா ரகசியம்? வீட்டுல நீங்க மெதுவா சொன்னதைக்கூடப் பாசார் கடைத்தெரு முழுக்கச் சொல்லிட்டு வர்ற மனுஷனாச்சே அண்ணி!”

அண்ணி சிரித்துவிட்டாள்.

“போலீஸ் பைலைக் காட்டவே கூடாதுன்னு கவர்மெண்டு லாயர் ஒத்தக் கால்ல நின்னாரு. மேஜிஸ்திரேட் துவான் விடலையே. மரண விசாரணைன்னா எப்படிச் செத்தாருன்னு தெரியணும், இன்னிக்குக் கோர்ட்டுல படிச்சே ஆகணும்னுட்டாரு.”

“அப்ப நாம ஜெயிச்சாச்சு! பின்ன ஏன் அண்ணி என் கையை இப்படி நசுக்குறீங்க?”

“இன்னிக்கு நிஜமாவே சொல்லிடுவாங்களேம்மா.”