‘ஒன்பதாயிரம் என்ன?’ என்று கேட்டவருக்கு

கணக்கில் கண்டிப்பும் கைகளில் கணப்பும் கொண்டவரே! கூரையின் உயரம் கேளாமல் எவரிடமும் குசலம் விசாரிக்காதவரே! மேற்குச் சுவரைக் கணக்கில் மெத்தனமாய் விட்டவரை மேசையருகே நிறுத்தி மெலிய வைத்தவரே! எங்கள் பெருமைக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய டோன்யா எர்மெலிந்தா ஃபெர்மின் அவர்களே!

இந்தக் கடையில் மிக அழகாகப் பொய் சொல்பவன் என்ற தகுதியில், விற்பனைப் பிரிவைச் சேர்ந்த எனக்கு இம்மடலை எழுதும் பொறுப்பு வந்து சேர்ந்தது. உட்கார்ந்து எழுதத் தொடங்கியதும் ஒரு பொய்கூடத் தேவைப்படவில்லை என்று கண்டு அதிர்ந்தேன். தொழில் மறந்துவிட்டதோ என்றே பயந்தேன்.

தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்பதே எங்களுக்கு இடி. ஓய்வு பெற்று, வடக்கே தலை உருகும் வெயிலடிக்கும் ஃபொர்மோசாவிலுள்ள தங்கை வீட்டுக்குக் குடிபோகிறீர்கள் என்பது அடுத்த இடி. தெற்கே குளிரில் கிடக்கும் எஸ்கேல் நகரத்தையே கலோரி கலோரியாகக் குளிர்காய வைத்த தாங்கள், ஏ.சி. வைத்து வெப்பத்தை வீட்டுக்கு வெளியே துரத்தி, அந்தக் குளிர்க் கணக்குக்கு ஃப்ரிகோரியா என்று பெயரும் சூட்டி விற்கும் ஊருக்குப் போகலாமா? கட்சி மாறியவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம்.

வெப்பக் கணக்குப் பிரிவின் தலைவராகத் தாங்கள் வீற்றிருந்த முப்பதாண்டுக் காலத்தில், வாடிக்கையாளர் ஹீட்டரைக் கேட்பார், தாங்கள் அவருடைய வீட்டைக் கேட்பீர்கள். நீளம், அகலம், உயரம். மூன்றையும் பெருக்கி, கன மீட்டருக்கு ஐம்பது கலோரி. தகரக் கூரையா, கொஞ்சம் கூட்டு. மேற்கே காற்று அறைகிறதா, இன்னும் கூட்டு. உள்ளே படுப்பது யார், கைக்குழந்தையா, கிழவரா, குடித்துவிட்டுக் கதவைச் சாத்த மறக்கும் கணவரா? கடைசிக் கேள்வியில் எத்தனையோ மனைவிமார் தங்களுக்குத் தோழியரானார்கள். கலோரி என்றால் என்னவென்று விழித்தவர்களுக்கு, ரொட்டிப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அதே கலோரிதான் என்றும், மூவாயிரம் ஹீட்டர் என்பது மணிக்குப் பதினைந்து மெதியாலூனா பிறைரொட்டி தின்னும் வயிறு என்றும் விளக்கினீர்கள். அதற்குப் பின் நான் மெதியாலூனா தின்னும்போதெல்லாம் என் வயிற்றை ஹீட்டராகவே காண்கிறேன். அதுவும் அணைக்க முடியாத ஹீட்டராக.

ஆனால் நம்மூருக்கு ஒரு நாக்குப் பழக்கம் உண்டு. ‘மூவாயிரம் ஒண்ணு குடுங்க’ என்போம். மூவாயிரம் என்ன என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை. கலோரி என்ற சொல்லையே விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் துப்புகிற நாக்கு.

அந்த நாக்கு இந்தக் குளிர்காலத்தில் என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இம்மடல் முடியாது.

நம் வண்டியோட்டி லிசாந்த்ரோ ஓவென், தாங்கள் ‘ஒல்லி’ என்று அழைக்கும் லிசாந்த்ரோ, தகப்பனானான். அவன் குடியிருக்கும் மேட்டுத் தெருவுக்கு எரிவாயுக் குழாய் இன்னும் வரவில்லை. குழந்தைக்காக அவன் கணவாய் தாண்டி சிலிக்குப் போய், பாதி விலைக்கு, சுவரில் மாட்டும் மின்சார ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்தான். பெட்டிமேல் 9000 என்று கொட்டை எழுத்து. தாங்கள் விடுப்பில் இருந்த வாரம் அது. ஹீட்டர் விற்றே சோறு தின்னும் நாங்கள் அத்தனை பேரும் பெட்டியைச் சுற்றி நின்று வியந்தோம். வீட்டில் இனி உள்ளாடையோடுதான் திரியவேண்டும் என்று கேலி பேசினோம். நிபுணர்கள்!

தாங்கள் திரும்பிய காலையில் வழக்கம்போல் எல்லோரும் ஒரே குடுவையில் உறிஞ்சும் மாத்தே தேநீர் சுற்றி வந்தது. குடுவை தங்கள் கையில் இருந்தபோது லிசாந்த்ரோ பெருமையாகச் சொன்னான்: மகள் அமான்காய் தங்கமான பிள்ளை, ரெண்டு நாளாய் அழுகையே இல்லை, பாலுக்குக்கூடக் கேட்பதில்லை, எல்லாம் ஒன்பதாயிரத்தின் கதகதப்பு.

தாங்கள் மாத்தேயைப் பாதியில் கீழே வைத்தீர்கள். ஊற்றிக் கொடுத்தவனை அதைவிட அவமதிக்க முடியாது. ஊற்றியவன் நான். கோபப்பட எனக்கு நேரமிருக்கவில்லை.

“ஒன்பதாயிரம் என்ன?”

“ஒன்பதாயிரம்னா ஒன்பதாயிரம்தான், டோன்யா.”

“என்ன ஒன்பதாயிரம்டா ஒல்லி? கலோரியா, பூசணிக்காயா? நம்பருக்குப் பக்கத்துல என்ன போட்டிருந்துச்சு?”

“ஏதோ குட்டியா மூணு எழுத்து. பி, டி, யு.”

அந்த பி.டி.யு. நான்கு சேர்ந்தால்தான் நம் கலோரி ஒன்று ஆகும் என்பதை அறையில் இருந்த எல்லோரும் படித்துத்தான் வேலைக்கு வந்தோம். ஒன்பதாயிரம் எங்கள் கண்முன்னே இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. அவனுடைய தகரக் கூரை வீட்டுக்குத் தாங்களே முன்பு சொன்ன கணக்கு நாலாயிரம். குளிரில் விறைக்கும் பச்சைக் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் அடங்கிவிடும் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வண்டிச்சாவியைத் தாங்கள்தான் எடுத்தீர்கள். காலியான தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கும் தாங்கள், அன்று இரண்டு சிவப்பைத் தாண்டினீர்கள். பின்னிருக்கையில் லிசாந்த்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குள் அவன் மனைவி யானினா கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிரசவித்த உடம்பு, தனக்குத்தான் குளிர்கிறது என்று நினைத்தாளாம். குழந்தை தூங்குகிறது என்றாள். தாங்கள் போர்வைக்குள் கைவிட்டு, அந்தப் பிஞ்சு மார்பைத் தொட்டீர்கள். தங்கள் முகம் அப்போது போன போக்கை நான் இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. கடையில் ஒருநாளும் கழுத்துப் பொத்தானைக்கூடத் திறந்திராத தாங்கள், எங்கள் எல்லார் முன்னிலையிலும் மேல்சட்டையைத் திறந்து, குழந்தையின் துணிகளை உரித்து, தங்கள் மார்போடு ஒட்டி வைத்து, அதன்மேல் கோட்டை மூடினீர்கள். லிசாந்த்ரோவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னீர்கள்.

வழியெல்லாம் குழந்தையிடமே பேசிவந்தீர்கள், மெதுவாக, வாடிக்கையாளரிடம் பேசும் அதே குரலில்.

“மனுச உடம்புக்கு மணிக்கு எம்பது கலோரிதான்டி. கடையில இப்ப அவ்வளவுதான் இருக்கு. எல்லாத்தையும் நீயே எடுத்துக்க.”

மருத்துவர்கள் அவளை உள்ளே கொண்டுபோனபின், லிசாந்த்ரோ நடைவழியில் சுவரைப் பார்த்து நின்றான். “பெரிசாத்தான் வாங்கினேன், டோன்யா. அவளுக்குன்னு இருக்கறதுலயே பெரிசு,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். தாங்கள் திட்டப்போகிறீர்கள் என்று நாங்கள் பயந்தோம். திட்டவில்லை. “தெரியும்டா. கொறச்சலா எதுவும் நீ வாங்கல,” என்று சொல்லி அவன் காலரைச் சரிசெய்தீர்கள். பிறகு, கடையில் காட்சிக்கு மாட்டியிருந்த எரிவாயு சிலிண்டர் ஹீட்டரைக் கழற்றி, நாலாயிரம் கலோரி, அன்று மாலைக்குள் அவன் வீட்டில் பொருத்து என்று எனக்குக் கட்டளையிட்டீர்கள். கலோரி என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னீர்கள். புகைக்குழாயை வெளிச்சுவரில் விட்டேனா என்று சோதிக்க மறுநாள் தாங்களே வந்தீர்கள். நம்பிக்கை அவ்வளவு!

அமான்காய் கண்விழித்துக் கத்தினாள் என்ற செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து கடைக்கு வந்தபோது, தாங்கள் ஒரு வாடிக்கையாளரின் சாப்பாட்டறை அளவுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. ஆனால் பெருக்கல் தப்பாகிவிட்டது. முப்பதாண்டில் நாங்கள் கண்ட ஒரே தப்பு. இன்றுவரை யாருக்கும் அதிர்ச்சி தெளியவில்லை.

அளவறிந்து அளித்த அன்னையே! தங்கள் நாடி நிதானமாகவும், நகைப்பு நிறைவாகவும், நடை உறுதியாகவும் நெடுங்காலம் நிலைக்கட்டும். ஃபொர்மோசாவின் வெயில் தங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும். நடக்காவிட்டால் அதனிடமும் உயரம் அகலம் கேளுங்கள்.

விழா மேடையில் இம்மடலை வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு. மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும்போதும் இக்குறிப்பை வெட்ட வேண்டாம். அமான்காய் இன்று முன்வரிசையில் யானினாவின் மடியில் இருப்பாள். நடுவில் அவள் அழத் தொடங்கினால், வெளியே தூக்கிப்போகும்படி எவரும் சைகை காட்டக் கூடாது. வாசிப்பை நிறுத்திவிட்டு உட்காருங்கள். அவள் அழுது முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்.

தங்கள் கணக்குக்குக் கட்டுப்பட்ட,
எஸ்கேல் நகர் ஹீட்டர் கடைப் பணியாளர்கள்