பெண் பார்க்கப் போன பஸ்

கொல்லிமலையிலிருந்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வளைவிலேயே அவள் குரல் காதில் விழுந்தது.

“நீங்க பொண்ணு பார்க்கப் போறதுக்கு என்னைய எதுக்குங்க கூட்டிட்டுப் போறீங்க?”

“அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைங்க. தனியாப் போகப் பயமா இருக்குதுங்க.”

“இத்தனை நாளா எங்கூடச் சுத்துனீங்களே, அதை ஊட்டுல சொல்ல வேண்டியதுதானுங்க?”

“அம்மா மனசு கஷ்டப்படுமுங்க. சும்மா போய்ப் பார்த்துட்டு, புடிக்கலைன்னு சொல்லிட்டு வந்துர்றேன்.”

“அந்தப் புள்ள பூ வச்சு, சேலை கட்டி வந்து நிக்கும். அதுகிட்ட என்ன குறை சொல்லுவீங்க?”

அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது, அவள் அவன் மேல் சாய்ந்துவிடாமல் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவன் போனை எடுத்துவிட்டான்.

“அம்மா, பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்ட நான் வரலைன்னு சொல்லிரு. எனக்கு வேற புள்ளையப் புடிச்சிருக்குது… நம்ம ஆஸ்பத்திரி நர்சு… ஆமா, உனக்கு ஊசி போட்ட அதே புள்ளதான்.”

மறுமுனையில் அம்மா வெகுநேரம் பேசினாள். அவன் போனை வைத்ததும் அவள் கேட்டாள்.

“திட்டுனாங்களா?”

“இல்லீங்க. நர்சுப் புள்ளைன்னா சரின்னுட்டாங்க. நாளைக்கே உங்க ஊட்டுக்கு வந்து பேசறாங்களாம்.”

“நாளைக்கேவா? ஐயோ, நான் எங்கூட்டுல இன்னும் சொல்லவே இல்லீங்களே!”