எந்த முத்திரையில் வருவான் என் மகன்?

தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அர்ச்சுனன் அண்ணே அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை முடிந்து, முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நான் மங்களம். மூன்றாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்தில் பால்வாளி தூக்கியவள்.

இந்த எண்பத்தொன்பதில் பெர்லினில் சுவர் விழுந்தது என்று சற்று முன் கைதட்டினீர்கள். அடுத்து ரஷ்யாவே உடையப் போகிறதாம். நாம் வெட்டிய பாலை வாங்கிய நாடு. வானத்துக்கு ஆள் அனுப்பிய வல்லரசு. மலையென நின்ற மாபெரும் நாடு. அது உடையுமா? யார் நினைத்தோம்? நினைத்திருந்தால் என் ஒரே மகன் கார்த்திகேசுவை அங்கே ரீகா என்ற ஊருக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பியிருப்பேனா?

செப்டம்பரில் அவனுக்கு நிமோனியா. மீரா சாஹிப் கடைக்குத்தான் போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

கூடப் படித்தவர்கள் அவனை ரயிலில் தூர ஊருக்குக் கொண்டுபோய் எரித்து, சாம்பலை ஒரு ஜாடியில் வைத்திருக்கிறார்கள். அதை அனுப்ப ஒரு தாளும் முத்திரையும் வேண்டும். ரீகாக்காரர்கள் ரஷ்யாவை விட்டுப் பிரிய நிற்கிறார்கள்; தங்கள் மொழியில் குத்திக் கொடுத்தார்கள். மாஸ்கோவில், "இது செல்லாது" என்றார்கள். திரும்பப் போனால் ரீகாவில், "மாஸ்கோவை இனி நாங்கள் கேட்பதில்லை" என்றார்கள். பதினாறாம் நாள் போனது. எழுபதாம் நாளும் போனது.

பின்னாலிருந்து யாரோ கேட்கிறீர்கள்: "எங்கயோ ஒடஞ்சா நமக்கு என்னக்கா?"

நல்லாக் கேட்டே தம்பி. எழுபத்திரண்டில் கோப்பெங் பக்கம் நம் தோட்டத்தைத் துண்டாடினார்களே, மறந்துவிட்டதா? துரை ஒரு கையெழுத்துப் போட்டார்; நாற்பது முதலாளிகள் வந்தார்கள். என் புருஷன் உடையப்பனைப் புதைத்த இடம் எந்தத் துண்டில் என்று கேட்டேன். "எங்க லோட்டுல இல்லம்மா" என்றார் கணக்கெழுதும் கிராணி. அடுத்த லோட்டிலும் அதே பேச்சு. வேலி போட்டார்கள். செம்பனை நட்டார்கள். நான் வாய் திறக்காமல் சட்டிபானையை லாரியில் ஏற்றினேன். நீங்களும்தான் ஏற்றினீர்கள்.

பெரியது உடையும்போது நிலத்துக்கு ஆள் வருகிறது. மரத்துக்கு ஆள் வருகிறது. மாண்டவனுக்கு யார் வருகிறார்கள்?

நான் அழவில்லை, காளியம்மா. நீ உட்கார்.

தலைவர் எனக்கு மாலை வாங்கி வைத்திருக்கிறார். மாலை வேண்டாம் அண்ணே, மகஜர் வேண்டும். தாள் இதோ மேசையில் இருக்கிறது. என் மகன் சாம்பலை அனுப்பச் சொல்லி நம் அரசாங்கத்துக்கும் மாஸ்கோவுக்கும் ரீகாவுக்கும் ஒரே மகஜர். மீரா சாஹிப் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வையுங்கள். அந்த நாடு ஒன்றாக இருக்கட்டும், ஒன்பதாகப் போகட்டும். எந்தக் கொடி ஏறினாலும் அவன் என் பிள்ளை. புருஷனை வேலிக்குள்ளே விட்டுவந்தேன். மகனை விடமாட்டேன்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. இந்த மேசைக்கு எழுந்து வரும் கால்களுக்கு வணக்கம்.