கத்தரிக்கோல் மேடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஆய்வுக் கனவோடு வந்தவர்க்கெல்லாம் அன்பையும் அதட்டலையும் அளவின்றி அள்ளி வழங்கிய அம்மையாரே! அறிவியலும் பொறியியலும் மேற்கொண்டு பயில ஆசையிருந்தும் வசதியின்றி மலைத்து நின்றோரின் மனச்சுமையை இறக்கிவைத்த மாண்புமிகு வழிகாட்டியே! உதவித்தொகை எங்கே கிடைக்கும், எவர்க்குக் கிடைக்கும், எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கும் வித்தகியே! பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை வழிகாட்டு அறையை இருபத்தெட்டு ஆண்டுகள் கட்டி ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் பாசத்துக்குரிய தலைவியே! வணக்கம்.

இந்தப் பத்தியைக் கேட்கும்போதே உங்கள் கை சிவப்புப் பேனாவைத் தேடியிருக்கும். விண்ணப்பம் யாருடையதானாலும் முதல் பத்தியை அடித்துவிடுவதல்லவா உங்கள் வழக்கம்! "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் தாளை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! "சின்ன வயசுல எல்லாரும்தாம்மா வானத்தைப் பார்த்தோம். இப்ப எது உன்னைத் தூங்கவிடாமப் பண்ணுது? அதைச் சொல்லு" என்பீர்கள். அதனால்தான் மாணவர்கள் உங்களுக்குக் கத்தரிக்கோல் மேடம் என்று பெயர் சூட்டினார்கள். அது உங்கள் காதுக்கு எட்டாது என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் தொலைபேசியை எடுத்து, "ஆமா, கத்தரிக்கோல்தான் பேசறேன், சொல்லுப்பா" என்றீர்களே, மறுமுனையில் இருந்தவர் அதன் பிறகு ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் எங்களிடம் வைத்த முறையீடு இன்னும் பெரிது: "கை பழக்கத்துல மளிகைச் சீட்டுலயும் முதல் வரியை அடிச்சுட்டா. அன்னைக்கு முதல் வரி சர்க்கரைங்க!" ஆகவே இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரப்படுத்தியே தருகிறோம். இதன் முதல் பத்தி தப்பித்தது.

பரிந்துரைக் கடிதம் தரத் தாமதிக்கும் பேராசிரியர்களை விடாது துரத்திய வீராங்கனையே! உங்கள் காலடி ஓசை கேட்டதும் இயற்பியல் துறைத் தலைவர் ஆய்வகத்துச் சாமான் அறைக்குள் ஒளிந்துகொண்டதும், நீங்கள் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டதும், கடைசியில் அவர் அங்கிருந்தபடியே கடிதத்தைச் சொல்லச் சொல்ல எங்கள் தட்டச்சர் அடித்து முடித்ததும் இந்த வளாகமே அறிந்த வரலாறு. துறைத் தலைவர் இன்று வந்திருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வெறும் ஆறுதல் வார்த்தை உங்களிடம் எவரும் பெற்றதில்லை. விதிமுறையைப் படிக்காமல் வருகிறவரிடம், "உனக்கு இது கிடைக்காது, தகுதி விதியிலேயே நீ இல்லை. வா, உனக்குன்னு இருக்கறதைத் தேடுவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவீர்கள். சுருக்கென்று தைக்கும். ஆனால் அந்த 'வா' இருக்கிறதே, அதற்காகத்தான் அவர்கள் மறுபடியும் வந்தார்கள்.

முடிவு வெளியாகும் நாளில் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள் அம்மா. எவரையும் தனியாக முடிவைப் பார்க்க விடமாட்டீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக அமர்ந்திருக்கும் நீங்கள், நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, மாணவருக்குப் பக்கத்தில் உட்காருவீர்கள். அதன் பிறகுதான் மின்னஞ்சல் திறக்கப்படும். கிடைத்துவிட்டால் முதுகில் ஓர் அடி விழும். கிடைக்காவிட்டால் புதிய தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைப்பீர்கள். பிறகு, "சரி, அடுத்த வருஷத்து வேலையை இன்னைக்கே ஆரம்பிக்கறோம். மத்தவங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்பீர்கள்.

சென்ற ஆண்டு நீங்கள் அப்படிச் சொல்லக் கேட்ட ஒருத்தியை இந்த அவைக்கும் தெரியும். பேருந்து ஓட்டுநரின் மகள். தெருவுக்கு அடியில் ஓடும் குடிநீர்க் குழாயில் எங்கே கசிகிறது என்பதை, தோண்டாமலே ஓசையை வைத்துக் கண்டுபிடிக்கும் ஆய்வு அவளுடையது. முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தும் உதவித்தொகை கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர்களின் குறிப்பை வாங்கி நீங்கள் இருவரும் சேர்ந்து படித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. குழாய் என்றதும் அவளைக் கட்டுமானப் பொறியியல் பிரிவில் விண்ணப்பிக்கச் சொன்னது நீங்கள். அவள் செய்ததோ ஒலியைப் பகுத்தறியும் வேலை. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு பிரிவில் இருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மென்று விழுங்கியிருப்பார்கள். நீங்களோ எங்கள் அனைவர் முன்னிலையிலும் சொன்னீர்கள்: "தப்பு உன் பேர்ல இல்லைம்மா. நான்தான் உன்னைத் தப்பான வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டேன்." அவள் உடனே, "பரவாயில்லை மேடம், நானும் அந்த வாசல்ல போய் நின்னேன்ல" என்றாள். அந்தப் பதிலுக்குப் பிறகு நீங்கள் கண்ணாடியைத் துடைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டதை நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

பல்கலைக்கழகம் அவளுடைய இடத்தை ஓராண்டு மட்டுமே நிறுத்திவைத்திருக்கிறது. இந்த முறையும் கைவிட்டுப்போனால் பம்பு விற்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை தயாராக இருக்கிறது. ஆய்வு அதோடு சரி. அது தெரிந்துதான் ஓய்வுபெறும் ஆண்டில், முழங்கால் வலியோடு, அவள் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்தீர்கள். அவள் தரையில் ஊன்றிய இரும்புக் கம்பியில் காதை வைத்து, "ஏதோ கேக்குதே! உஸ்ஸுன்னு கேக்குதே!" என்று நடுச்சாலையில் நீங்கள் கூவியபோது போக்குவரத்தே நின்றதாம். அடுத்த வாரம் அவள் புதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். அதன் முதல் பத்தியே அந்தத் தெருவில்தான் தொடங்கியது. நீங்கள் திருப்பித் தந்த தாளில் முதல் பத்தி அடிபடாமல் இருந்ததைக் கண்டு எங்கள் எழுத்தர், "மேடத்துக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டே விட்டார்.

முடிவு நாளைக்குத்தான் வரும் என்று அறிவித்திருந்தார்கள். "நான் இருக்கும்போதே வந்தா என்ன குறைஞ்சா போயிடும்?" என்று வாரம் முழுக்க நீங்கள் முணுமுணுத்தது எங்கள் காதில் விழுந்தது.

இத்தனை பேருக்கு எதிர்காலத்தைத் தேடிக் கொடுத்த எங்கள் தலைவியே! இனி வரும் நாட்கள் உங்களுக்கே உரியவையாகட்டும்! முழங்கால் வலி விலகட்டும்! உற்றாரும் உங்கள் இனிய துணைவரும் சூழ, ஓயாத சிரிப்போடும் ஒரு குறையுமில்லாத உடல்நலத்தோடும் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம்! வீட்டுச் சர்க்கரைக்கும் இனி ஆபத்து நேராதிருக்கட்டும்!

இனி வாசிப்பது சட்டத்துக்குள் இல்லை, சற்றுமுன் தனித்தாளில் எழுதிச் சேர்த்தது. மேடையேறியதும், "எனக்குப் பக்கத்துல எதுக்குப்பா காலி நாற்காலி? இன்னும் யார் வரணும்?" என்று கேட்டீர்கள். இப்போது சொல்லலாம். முடிவு ஒருநாள் முன்னதாக, இன்று பிற்பகலே வந்துவிட்டது. எங்களில் எவருக்கும் அது என்னவென்று தெரியாது, அவளுக்கும் தெரியாது. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அவள் காத்திருக்கிறாள். "மேடம் பக்கத்துல உக்காராம நான் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

அலுவல் நேரம் இன்னும் முடியவில்லை அம்மா. நீங்கள் இன்னும் பணியில்தான் இருக்கிறீர்கள். அவள் எழுந்து வருகிறாள், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

என்றும் உங்கள் அன்பில்,
உதவித்தொகை வழிகாட்டு அறையின் பணியாளர்கள்