முதுகில்லாத சட்டை

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, சேர். குறையாகச் சொல்லவில்லை. எனக்குச் சீனி வருத்தம் இருப்பது பொலிசுக்கு எப்படித் தெரியும்?

நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் சிங்களத்தில் எழுத வேண்டும், அதனால் மெதுவாகவே சொல்கிறேன். நுஹ்மான் சேர், நீங்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவர். எங்கள் கோயில் சங்கதிகளைக் கொஞ்சம் அடியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

என் பெயர் எமிலியன். மாத்தளைச் சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். வீடும் கோயிலும் ரத்தோட்டைப் பாதையில். கோயிலில் நன்மரண சபைக்கு நான்தான் தலைவர். வேறு யாரும் கேட்காத பதவி என்பதால் வருடா வருடம் ஏகமனதாகத் தெரிவாகிறேன். சாகக் கிடக்கிறவர்களின் பக்கத்தில் இருந்து, அவர்கள் பாவமில்லாமல் போய்ச்சேர உதவுவது எங்கள் வேலை. நன்றாக வேலை செய்தால் அங்கத்தவர் குறைந்துகொண்டே போகிற சபை இது ஒன்றுதான். இந்தப் பகிடியை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வேன். சிரிக்க இப்போது ஆள் குறைவு.

ஒருவர் தேறமாட்டார் என்று தெரிந்தால் பாதர் வருவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார். அதாவது செய்த பாவத்தையெல்லாம் அவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. பிறகு நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசுவார். அதற்கு நாங்கள் அவஸ்தை என்று சொல்வோம். உங்களுக்கு அவஸ்தை என்றால் கஷ்டம். எங்கள் ஆட்கள் "அவஸ்தை குடுத்தாச்சா?" என்று கேட்பார்கள், "குடுத்தாச்சு" என்றால் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

அதற்குப் பிறகு என் பொறுப்பு. மந்திரித்த மெழுகுதிரியை நோயாளியின் கையில் பிடிக்கவைத்து, காதுக்குள் இயேசு, மரி, சூசை என்று மூன்று பெயர்களையும் சொல்ல வேண்டும். கடைசிச் சட்டையையும் நானே தைப்பேன். அதற்கு முதுகு வைப்பதில்லை. விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைப்பது லேசான காரியமில்லை, சேர். முன்பக்கமாகப் போட்டு, இரண்டு ஓரத்தையும் உடம்புக்கடியில் சொருகிவிட்டால், பெட்டிக்குள் ஆள் மாப்பிள்ளை மாதிரி இருப்பார்.

புதிதாக வந்த பாதர் கிளீட்டஸ் சின்ன வயது. வந்ததும் வராததுமாகச் சபைக் கூட்டத்தில் சொன்னார்: "அங்கிள், இனிமே அவஸ்தைன்னு சொல்லாதீங்க. நோயில்பூசுதல்னு சொல்லுங்க. இது சாகுறதுக்கு இல்ல, எழும்புறதுக்கு."

நான் தலையாட்டினேன். படித்தவர்கள் பெயரை மாற்றுவார்கள், எண்ணெய் அதே எண்ணெய்தான். என் காலத்தில் பூசிய பிறகு யாரும் எழும்பியதில்லை. திரேசம்மா அக்கா ஒரு தடவை எழும்பி உட்கார்ந்து பாணும் சம்பலும் கேட்டார்தான். அதுவும் கொஞ்ச நேரம்தான்.

ஏன் சேர், பேனா நின்றுவிட்டது? சரி, மனுவேலிடம் வருகிறேன்.

மனுவேல் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். வாயைத் திறந்தால் பகிடி, பொழுது சாய்ந்தால் கசிப்புச் சாராயம். கோயிலுக்கு வருவது திருநாளைக்கு மட்டும், அதுவும் வாசல்வரை. போன மாதம் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தான். ஆஸ்பத்திரியில் நிற்கச் சொல்லியும் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் பெண்சாதி பிலோமினா அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தாள். நான் பாதரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு மனுவேலின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாதரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, பிலோமினாவின் கையைப் பிடித்து, "ஒன்னய ரொம்பப் பாடுபடுத்திட்டேன் புள்ள" என்றான். முகம் சலவை முடிந்து வந்த வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. நானும் அழுதேன். எனக்கு இளகின மனம். சினிமா பார்த்தாலும் முதலில் அழுகிறவன் நான்தான். கோயிலில் துக்க மணி அடிக்கச் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்ச் சட்டையைத் தைத்தேன். கொலருக்கு இரட்டைத் தையல் போட்டு, அன்றிரவே பிலோமினாவிடம் கொடுத்துவைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பிலோமினா வாசலில் நின்றாள். "அண்ணே, கஞ்சி கேட்டுக் குடிச்சாரு. உப்பு பத்தலன்னு என்னய ஏசினாரு அண்ணே" என்றாள். ஏச்சு வாங்கிய பெண் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே மனுவேல் என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டோ ஸ்டாண்டுக்கு வந்தான். முன்னால் பார்த்தால் கலியாண மாப்பிள்ளை. திரும்பினால் வெறும் முதுகு.

"எமிலியன் அண்ணே தச்சது. லொறி ஓட்டுறவனுக்கு ரொம்பத் தோது, முதுகு வேர்க்காது" என்று ஒவ்வொருவருக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினான்.

மரக்கறிக் கடை பலீல் நானா கேட்டார்: "மனுவேலு, களிசானும் தச்சாரா? அதுக்காவது பின்பக்கம் வச்சிருக்காரா?"

ஸ்டாண்டே சிரித்தது. அந்தப் பக்கமாக வந்த பாதரும் சிரித்துவிட்டு, "பாத்தீங்களா அங்கிள், எழும்பிட்டான்" என்றார். நானும் சிரித்தேன். என்னை வைத்து யாராவது பகிடி பண்ணினால் முதலில் சிரிப்பது நான்தான், யாரையும் கேட்டுப் பாருங்கள். அடுத்த நாள் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்கூட, அளவு எடுக்கும்போது, "முதுகையும் அளந்துக்குங்க அண்ணே" என்றார். அதற்கும் சிரித்தேன்.

எனக்குக் கவலையாக இருந்தது அவனுடைய ஆத்துமம். பாவமெல்லாம் கழுவி, எண்ணெய் பூசி, மோட்சத்து வாசலில் நிறுத்திய ஆள். உடம்பு தேறினால் மறுபடியும் லொறி, மறுபடியும் கசிப்பு, மறுபடியும் பிலோமினாவுக்கு அடி. வெளுத்து மடித்த துணி சேற்றில் விழப்போகிறது என்று தெரிந்தால் தையல்காரன் பார்த்துக்கொண்டு நிற்பானா? நீங்களே சொல்லுங்கள்.

அன்றைக்கு மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். ஊர் சுற்றிய களைப்பில் கட்டிலில் படுத்திருந்தான். அதே சட்டை. அவனுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கும்படி பிலோமினாவைக் குசினிக்கு அனுப்பினேன். இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு மெழுகுதிரியைக் கொளுத்தி மேசையில் வைத்தேன், கையில் கொடுத்தால் வாங்கமாட்டான் என்று தெரியும். தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். மெலிந்துபோன ஆள், ஆனாலும் லொறி ஓட்டிய கை. நான் போட்டிருந்த சட்டையின் பொத்தான்கள் தெறித்தன. முறைப்படி மூன்று பெயர்களையும் காதுக்கருகில் சொன்னேன். தலையணைக்கடியில் அவனும் ஏதோ கத்திச் சொன்னான். இயேசுவே என்றுதான் என் காதில் விழுந்தது.

பிலோமினா கோப்பையோடு ஓடி வந்தபோது முடிந்திருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையைச் சரியாக வைக்கத் தலையணையை எடுத்தேன் என்று நினைத்திருப்பாள். சளி திரும்ப அடைத்துவிட்டது என்று ஊர் நம்பியது. அடக்கமும் நல்லபடியாக முடிந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அடக்கத்துக்கு மறுநாள் வீட்டில் செபமாலை சொல்லி முடித்ததும், மனுவேல் இயேசுவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே நல்ல மரணம் அடைந்தான் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். சபைத் தலைவர் சொல்ல வேண்டியதைத்தானே சொன்னேன்?

பிலோமினா எழும்பினாள். "இல்லண்ணே. என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. குசினிக்குக் கேட்டுச்சு. நான் ஓடி வந்தப்ப தலவாணி ஒங்க கையில இருந்துச்சு."

நான் பொய் சொல்கிறவனில்லை. ஆமாம் என்றேன். பாதர் முகத்தை மூடிக்கொண்டார். பாவம், சின்ன வயது.

கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை, சேர். மனுவேல்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இன்றைக்கும் அவனுக்காகச் செபிக்கிறேன். அவன் ஆத்துமத்துக்காகச் செய்தது, வேறு காரணமே இல்லை. கட்டிலருகே என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்றா? பெரிதாக ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றிக் கொடு, மனுவேல் என்று நல்லபடியாகத்தான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பி முதுகைக் காட்டினான். கழற்றிக் கொடுத்திருந்தால், சேர், இந்நேரம் தம்புள்ளையில் லொறிக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டிருப்பான்.