நான்கு கோட் பெயின்ட்டும் ஒரு ஹாரனும்

இந்த அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! காலையில் பல்லைக் கழற்றி, மாலையில் கார்புரேட்டரைக் கழற்றி, இரண்டையும் ஒரே பொறுமையோடு சுத்தம் செய்யும் எங்கள் பல் மருத்துவர் அவர்களே! இன்று காலை என் வண்டிக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, மாலையில் அதே கையால் எனக்கு ஒலிவாங்கியைக் கொடுத்த நடுவர் அவர்களே! உங்கள் நெஞ்சுரத்துக்குத் தனியாக ஒரு வணக்கம். பழைய வாகனங்களைப் பெற்ற பிள்ளைபோல் பேணும் சங்கத்துப் பெரியோர்களே! கையில் கிரீஸும் வாயில் சிரிப்புமாக வந்திருக்கும் மெக்கானிக் பெருமக்களே! வீட்டுக்குள் கணவன் கொண்டுவந்து போட்ட கியர்பாக்ஸைத் தாண்டித் தாண்டியே நடந்து பழகிய என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வாருங்கள் என்று அங்கே ஒருவர் சைகை காட்டுகிறார். ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள் நான். எந்தப் பேருந்து எந்த நடைமேடை என்று ஆயிரம் ஆயிரம் பேருக்குச் சொன்னவள். இன்றுவரை ஒருவர்கூட எனக்குக் கைதட்டியதில்லை. அதனால் நீங்கள் தட்டும்போது கொஞ்சம் பலமாகவே தட்டலாம்.

எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, என் கணவர், அவர் வரும் வழியிலேயே மிரட்டிவிட்டார். "பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, நான் பாட்டுக்குக் கிளம்பிப் போயிருவேன்." நான் சிரித்தேன். "எப்படிங்க போவீங்க? வண்டி ஓட்டுறதும் நான், உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதும் நான்."

அவரைச் சங்கத்தில் எல்லோரும் 'டிக்டிக் சார்' என்பீர்கள். கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். மிளகு அளவுச் சக்கரத்தை இடுக்கியால் எடுத்து, மூச்சை அடக்கி, அதன் இடத்தில் உட்கார வைத்தவர். அந்த மனிதருக்கு, இன்று அறுபத்து மூன்று வயதாகும் ஒரு கார், கதவில் கொடி படர்ந்து, இருக்கையில் எலி குடித்தனம் நடத்திய நிலையில் வந்து சேர்ந்தது. வேண்டாம் என்று சொன்னேனா? சொன்னேன். கேட்டாரா? இங்கே எந்த வீட்டில்தான் கேட்டிருக்கிறார்கள், தாய்மார்களே, சொல்லுங்கள்!

பதினோரு ஆண்டுகள்! ஒவ்வொரு திருகாணியையும் கழற்றினார், கழுவினார், கண்ணருகே வைத்துப் பார்த்தார். கடிகாரத்துக்கு வைக்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு காரை இஞ்ச் இஞ்சாகப் பார்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். பெயின்ட் மட்டும் நான்கு கோட். ஒரு கோட் காய்ந்த பிறகு தேய்ப்பார், மறுபடி அடிப்பார், மறுபடி தேய்ப்பார். கடைசிக் கோட் காய்ந்த அன்று என்னைக் கூப்பிட்டு, "வந்து உன் முகத்தைப் பாரு" என்றார். கறுப்புக் கதவில் என் முகம் தெரிந்தது. எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று.

அதற்கு அடுத்த எட்டு மாதத்தில் அவருடைய கண் பார்வை போய்விட்டது.

நரம்புக் கோளாறு என்றார் மருத்துவர். வெளிச்சம், இருட்டு இரண்டும் தெரியும், வேறெதுவும் தெரியாது. அன்று ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழவே இல்லை. கார் உறைக்குள் போனது. அவர் தனக்குள் போனார். என் முழங்கையைப் பிடிக்காமல் வாசல்படியைக்கூடத் தாண்ட மாட்டார். யார் வந்து கூப்பிட்டாலும், "நான் எதுக்கு?" என்பார். அவையோரே, எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த நாற்காலியிலிருந்து அந்த மனிதர் எழுந்திருக்க வேண்டும். கோபத்திலாவது எழுந்திருக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை உறையை இழுத்துப் போட்டேன். சாவியைத் திருகினேன். ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்ன சத்தம் அது?"

"உங்க கார்தான். வேலைக்குப் போறேன்."

"அது ஷோவுக்கு வச்சிருக்கிற வண்டிம்மா! மழை வாசம் வருது!"

"வரட்டுமே. வண்டின்னா நனையாதா?"

கத்தினார். ஆனால் எழவில்லை. நான் போய்விட்டேன். அன்று முதல் தினமும் போனேன். பேருந்தை அறிவிக்கிறவள் காரில் வருகிறாளே என்று நிலையமே வேடிக்கை பார்த்தது.

நம் ஸ்பேனர் அண்ணன் அதோ பின் வரிசையில் நிற்கிறார். அண்ணே, உட்காருங்க, இன்னைக்கு யாரும் உங்களை அடியில படுக்கச் சொல்ல மாட்டாங்க! அந்த அண்ணன் ஒரு வாரம் கழித்து வண்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "தங்கச்சி, அலங்காரத்துக்கு நிக்கிற வண்டி வேற, தினம் ரோட்ல ஓடுற வண்டி வேற. இதுல பிரேக் எண்ணெய் போறது ஒரே வழி. எங்கேயாவது ஒரு சொட்டு கசிஞ்சா நாலு சக்கரத்துலயும் பிரேக் போயிடும். இப்பல்லாம் ரெண்டு வழி வைப்பாங்க. ஒண்ணு போனா ஒண்ணு நிறுத்தும். சீட் பெல்ட் இல்ல. பின்னாடி விளக்கு மின்மினி மாதிரி எரியுது. ரப்பர் குழாய் எல்லாம் கிழடு தட்டிப்போச்சு."

ஜன்னலுக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது. "ஒரு திருகாணியை மாத்தினாலும் அசல் போச்சு! தொடாதீங்க!"

அசல்! இந்தச் சங்கத்தில் இந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை மரியாதை! நானும் மதிக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வண்டி அசலாக இருக்கலாம். சாலை அசலாக இருக்கிறதா? அறுபது வருடத்துக்கு முன் முன்னால் போன வண்டியும் மெதுவாகப் போனது, மெதுவாக நின்றது. இன்று முன்னால் போகிறவன் பிரேக்கில் கால் வைத்தால் ஆணி அடித்ததுபோல் நிற்கிறான். என் வண்டியோ யோசித்து, முனகி, மனம் வந்து நிற்கிறது. பழைய வண்டிக்கு இது சட்டப்படி தப்பில்லை. ஆனால் முட்டிய பிறகு அசலை வைத்து என்ன செய்வது?

அண்ணன் சொன்னது நடந்தது. ஒரு மழைநாள் மாலை. வைப்பர் போட்டேன், முன் விளக்கு போட்டேன். எல்லாம் சேர்ந்து மங்கிப்போயின. நாற்சந்தியில் நிறுத்தினேன். பின்னால் ஒரு லாரி. என் பிரேக் விளக்கு எரியவில்லை. லாரி ஓட்டுநருக்கு நான் நின்றது தெரியவில்லை. ஹாரனை அழுத்தினேன். தொண்டை கட்டியவன் இருமுவதுபோல் 'கர்ர்' என்றது. கண்ணாடியில் அந்த லாரியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பினார் அந்தப் புண்ணியவான். ஒரு சாண். ஒரே ஒரு சாண் இடைவெளி.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் சாவியை ஆணியில் மாட்டப் போனேன். மாட்ட வரவில்லை. நாற்காலியிலிருந்து அவர் கேட்டார். "ஏன் சாவி இப்படிக் குலுங்குது? உன் கை ஏன் நடுங்குது?" கண்ணில்லாத அந்த மனிதர் என் கையைப் பார்த்துவிட்டார், அவையோரே! நான் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

இந்த முறை 'தொடாதீங்க' என்று அவர் தடுக்கவில்லை. மூன்று நாள் ஸ்பேனர் அண்ணன் போராடினார். புது பேட்டரி போட்டார். பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதைவிட அதிக மின்சாரம் தரும் புது ஆல்டர்னேட்டர் போட்டார். பல்பு மாற்றினார், ஒயர் மாற்றினார். ஹாரன் அப்போதும் இருமியது. மூன்றாம் நாள் மதியம் அண்ணன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குப் புத்திக்கு எட்டல தங்கச்சி" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்போது உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "என்னைக் கொண்டுபோய் பானெட் பக்கம் விடு" என்றார். விட்டேன். அந்தப் பத்து விரல்களும் என்ஜினுக்குள் இறங்கின. ஆகா, அதை நான் எப்படிச் சொல்வேன்! பேட்டரியில் தொடங்கி, ஒயர் ஒயராக, முடிச்சு முடிச்சாக, ஒரு தாய் தொலைந்து வந்த பிள்ளையின் முகத்தைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டே போனார். விளக்குக்கும் ஹாரனுக்கும் உரிய எர்த் ஒயர், வண்டியின் இரும்பு உடம்போடு திருகியிருக்கும் இடத்தில் விரல்கள் நின்றன. திருகாணியைக் கழற்றச் சொன்னார். அடியில் தடவினார். மறுபடி தடவினார்.

"இங்க வழுவழுன்னு இருக்கு" என்றார். "இருக்கக் கூடாது."

அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பிறகுதான் புரிந்தது. அந்த ஓரிடத்தில் இரும்பு வெறும் இரும்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் மின்சாரம் திரும்பிப் போக வழி. இவரோ பாசத்தில் அங்கேயும் நான்கு கோட் பெயின்ட் அடித்திருக்கிறார்! அடித்து, தேய்த்து, மெருகேற்றி, அதன்மேல் ஒயரை வைத்துத் திருகியிருக்கிறார். திருகாணியின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் மின்சாரம் கசிந்து போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான இடத்தைச் சந்தேகப்பட அண்ணனுக்கும் மனசு வரவில்லை.

"நான் அடிச்ச பெயின்ட் உன்னைக் கொன்னிருக்கும்" என்றார் என் கணவர். "உப்புத்தாள் குடு."

தேய்த்தார். தன் கையால் பூசியதைத் தன் கையாலேயே தேய்த்தார். நான்கு கோட்டும் போய், அறுபத்து மூன்று வருடத்து இரும்பு பளிச்சென்று வெளியே வந்தது. ஒயரை வைத்துத் திருகிவிட்டு, "இப்ப அடி" என்றார். அடித்தேன். அம்மாடி! தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டுப் பூனை மதிலிலிருந்து விழுந்தது. பார்வை போன நாளிலிருந்து சிரிக்காத மனிதர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரே சொன்னார். "அண்ணே, பிரேக்கை ரெண்டு வழியா மாத்துங்க. பெல்ட் போடுங்க. புதுசா ஓட்டை மட்டும் போடாதீங்க, இருக்கிற ஓட்டையிலயே மாட்டுங்க. கழட்டுனதை எல்லாம் துணியில சுத்தி எங்கிட்ட குடுங்க." இன்றும் அந்தப் பழைய உறுப்புகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டுமானால் ஒரே நாளில் பழையபடி மாற்றிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் காலை அவருடைய விரல்களுக்கு வேலை. டயரைத் தடவித் தேய்மானம் சொல்வார். என்ஜின் எண்ணெயை விரலில் தேய்த்து, முகர்ந்து, "இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்" என்பார். என்ஜினின் ஃபேன் பெல்ட் தளர்ந்தால் நான் தெருமுனை திரும்பும்போதே அவருக்குக் கேட்டுவிடும். நானும் கற்றுக்கொண்டேன். ரேடியேட்டர் தண்ணீர் பார்க்காமல் இருக்கையில் உட்கார்ந்தால் இப்போது எனக்கு என்னவோபோல் இருக்கிறது. ஆனால் பெரியோர்களே, அந்த ஞாயிறு வேலை முடிந்ததும், என் முழங்கை இல்லாமல் அவர் வாசல் தாண்டுவது மட்டும் இன்னும் நடக்கவில்லை. காரிலிருந்து இந்த மண்டபத்துக்கும் என் முழங்கையில்தான் வந்தார்.

இன்று காலை அசல் வண்டிப் போட்டி. நடுவர் ஐயா, கோபமில்லை, சிரியுங்கள்! பெல்ட்டுக்குக் குறைத்தீர்கள், பிரேக்குக்குக் குறைத்தீர்கள், ஆல்டர்னேட்டருக்குக் குறைத்தீர்கள். நான் தாளை அவருக்குப் படித்துக் காட்டினேன். "தேய்ச்ச எர்த்துக்கு எவ்வளவு குறைச்சாரு?" என்று கேட்டார். "அதை அவர் கவனிக்கல" என்றேன். "அதுக்குத்தாம்மா குறைச்சிருக்கணும், பெயின்ட்டே இல்லாத ஒரே இடம் அதுதானே" என்று சிரித்தார்.

எனவே அவையோரே, என்ன சொல்ல வருகிறேன்? உங்கள் வண்டிகளை உறையிலிருந்து எடுங்கள்! மழையில் நனையவிடுங்கள், பிறகு துடையுங்கள்! தேய்ந்ததை மாற்றுங்கள், கசிவதை அடைத்துவிடுங்கள், நின்று காட்டும் பிரேக்கை வையுங்கள்! ஓடத்தானே செய்தார்கள் அதை? ஓடத்தானே தவிக்கிறது அது? ஓடுகிற வண்டியல்லவா ஒரு மனிதனையும் எழுப்பி நடக்க...

கொஞ்சம் பொறுங்கள். மூன்றாவது வரிசை. அந்த ஓரத்து நாற்காலி காலியாக இருக்கிறதே! எங்கே அவர்? யார் கூட்டிக்கொண்டு போனது? ஸ்பேனர் அண்ணே, நீங்களா? இல்லையா? அம்மா, நீங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? என்ன சொல்கிறீர்கள்? அவரே எழுந்தாரா? சுவரைத் தடவிக்கொண்டா? தனியாகவா? வெளியே படி இருக்கிறதே, ஏழு படி இருக்கிறதே...

...

கேட்டதா? எல்லோருக்கும் கேட்டதா?

அது என் வண்டி ஹாரன். தைரியமாக, முழுத் தொண்டையில், நீட்டி அடிக்கிறார் பாருங்கள்! எனக்குப் பத்து நிமிடம் முடிந்துவிட்டதாம். கிளம்பிவிடுவேன் என்றாரே, கிளம்பிவிட்டாரே! என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டாரே, என் ராசா!

மன்னியுங்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். இதோ, வருகிறேன், வருகிறேன்! தலைவருக்கு நன்றி, நடுவருக்கு நன்றி, தாய்மார்களே உங்களுக்கு நூறு நன்றி. இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் சொன்ன அறிவிப்புகளிலேயே பெரிய அறிவிப்பு ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். பயணிகளின் கனிவான கவனத்துக்கு: வாசலில் நிற்கும் கறுப்பு வண்டி புறப்படத் தயாராக உள்ளது. அதன் முன் இருக்கையில் ஒருவர் ஏற்கெனவே ஏறிவிட்டார். வணக்கம்!