இடதுபக்க சீட்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறந்து என்ஜினைப் பார்ப்பார்கள். நான் கதவைத் திறந்து சீட்டை முகர்ந்து பார்ப்பேன். என்ஜினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். அடுத்தவன் வியர்வை தோலுக்குள் ஊறிவிட்டால் அதை எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியாது.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறானே என்று நினைக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதைச் சொல்லாமல் என் மனைவி சந்திரம்மாள் செத்ததைச் சொல்ல முடியாது.

எழுபத்தாறில், வேலூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் அதைப் பார்த்தேன். சீமையில் செய்த பந்தய வண்டி. சிவப்பு. இரண்டே கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு பை வைக்கலாம். டாக்டர் காலமான பிறகு வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்தது. வண்டியின் கூரை மேல் கோழிகள் அடைந்து, எச்சம் விரற்கடை கனத்துக்குக் காய்ந்திருந்தது. உள்ளே மட்டும் டாக்டரின் சம்சாரம் போர்வை போட்டு மூடி வைத்திருந்தார். தோல் சீட் இரண்டும் புதுச் செருப்புப் போல மணத்தன. அங்கேயே பேசி முடித்தேன். கோழி எச்சத்தை நானே கையால் சுரண்டினேன். கொஞ்சமும் அருவருப்பு வரவில்லை.

எங்களுக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மில். பிறந்ததிலிருந்து கடலைப் புழுதி, பிண்ணாக்கு, மூட்டை தூக்குகிறவர்களின் அக்குள் நாற்றம். அப்பா சாப்பிட்டு ஏப்பம் விட்டால் நான் எழுந்து போய்விடுவேன். அந்த வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டால் இதெல்லாம் வெளியே நின்றுவிடும்.

வயசான வண்டிக்கு ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கியர் பல் தேய்ந்தால் மாற்றுப் பல் கிடைக்காது. மெட்ராஸ் புதுப்பேட்டையில் அலைந்து வேறு ஏதோ வண்டியின் பல்லை வாங்கி வந்து, செங்கம் ரோட்டில் கண்ணாயிரத்தின் பட்டறையில் கடைந்து பொருத்துவோம். கார்பரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவுவது, கதவுக்கடியில் துரு சுரண்டுவது, சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது எல்லாம் என் கைவேலை. ரேடியேட்டர்தான் எத்தனை முறை பற்றவைத்தாலும் ஒழுகியது. அதற்காக டிக்கியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் இருக்கும்.

தீபத்தன்று ஒரே ஒருமுறை வண்டியைத் திருவண்ணாமலைக்குள் கொண்டுபோனேன். கூட்டம் அதன்மேல் சாய்ந்தது. ஒருவன் வெற்றிலை எச்சிலைக் கதவோரம் துப்பினான். கண்ணாடியில் ஏதோ ஒரு குழந்தையின் மூக்குச்சளி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சந்திரம்மாள் நல்லவள். அவளிடம் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. தலைக்கு விளக்கெண்ணெய் வைப்பாள், அவ்வளவுதான். வண்டியில் ஏறுமுன் தலையில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்வேன், காலைத் துடைத்துக்கொள்ளச் சொல்வேன். செய்வாள். ஆயுதபூஜைக்குப் பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்தாள். அழித்துவிட்டு, இனிமேல் தொடாதே என்றேன். தொடவில்லை. சொன்னால் கேட்கிறவள்.

போன மாதம் ஊரில் வாந்திபேதி பரவியது. அவள் செத்த அன்று விடியலிலிருந்து அவளுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மத்தியானத்தில் கண் உள்ளே போய், கை சில்லிட்டுவிட்டது. பக்கத்து வீட்டு எல்லம்மாள் வந்து, "வூட்டாண்ட வண்டிய வச்சிக்கினு இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? திருணாமலை ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சீட்டில் ரப்பர் ஷீட் விரித்து, அதன்மேல் சாக்கு போட்டு, அவளை உட்காரவைத்தேன். எல்லம்மாள் தானும் வருவதாகச் சொன்னாள். இடமில்லை என்றேன்.

பாதி வழியில், மலை தெரிய ஆரம்பிக்கிற இடத்தில், "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க, பொரட்டுது" என்றாள். நிறுத்துவதற்குள் கதவின் உள்பக்கமும் சீட்டின் ஓரமும் நனைந்துவிட்டன. புளித்த கஞ்சி வாடை. கீழேயும் சாக்கைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அவளை இறக்கிப் புளியமரத்தடியில் படுக்கவைக்கப் பார்த்தேன். கதவுப் பிடியை இறுகப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். முரட்டுத்தனமாக இல்லை.

வாந்தி நின்றதும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் என் எண்ணம். அது நியாயமான எண்ணம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கேனை எடுத்துச் சீட்டைக் கழுவினேன். "தண்ணி குடுங்க" என்றாள். குடித்தால் மறுபடி வாந்தி வரும் என்று எடுத்துச் சொன்னேன். மீதியை ரேடியேட்டரில் ஊற்றினேன். அது சூடேறிப் போயிருந்தது. அவள் மறுபடியும் கேட்டாள். அதற்குள் கேன் காலி.

அப்போது திண்டிவனத்திலிருந்து வந்த பஸ் தானாகவே நின்றது. கண்டக்டர் அப்பாதுரை இறங்கி வந்தார். பிற்பாடு உங்களிடம் வந்து சொன்னவர் அவர்தான்.

"இன்னா சார், அம்மாவுக்கு ரொம்ப முடியலையா? தூக்குங்க. சீட்ட காலி பண்ணித் தரேன். ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தச் சொல்றேன்."

சந்திரம்மாள் தலையைத் தூக்கினாள். "நான் பஸ்லயே போய்டறேங்க" என்றாள்.

ஜன்னல்கள் முழுக்க முகங்கள். இப்படியொரு வண்டி வைத்திருக்கிற ராஜமாணிக்கம் பெண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்பினான் என்று மறுநாள் மில் முழுக்கச் சிரித்திருப்பார்கள்.

"தலசுத்தல்தாங்க. கொஞ்சம் காத்தாட படுத்துனு இருக்கா. என்ஜின் ஆறினதும் கெளம்பிடுவோம்" என்றேன்.

அவர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டி இருக்குது இல்ல? நீங்க போங்க" என்றேன்.

பஸ் போயிற்று. அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. நான் சீட்டின் தையல் இடுக்குகளைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது வாந்தி நின்றிருந்தது. எல்லாமே நின்றிருந்தது.

வண்டியை மூடுகிற தார்ப்பாயில் அவளைச் சுற்றித் தூக்கி உட்காரவைத்தேன். இந்தமுறை ஒன்றும் சிந்தவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற வழியில், என் தோள்மேல் சாய்ந்தபடி உயிர் போயிற்று என்று அங்கே சொன்னேன். அவள் அண்ணன் வேடியப்பன்தான் நம்பவில்லை. வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வாந்திபேதில செத்தவ ஒக்காந்த சீட்டு எப்படிங்க இவ்ளோ சுத்தமா இருக்கும்?" என்று உங்களிடம் கேட்டானாமே. கவனித்துத்தான் பார்த்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் அந்தச் சீட் சுத்தமாக இருப்பதாகச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

மரத்தடியில் இறக்கிப் போட்டது நான். தண்ணீர் தராதது நான். உயிரோடு இருந்தவளை ஏற்றிக்கொள்ள வந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பியதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளை வெறுத்துச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் மேல் எனக்கு அக்கறை இல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பஸ்ஸிலேயே ஏற்றி விட்டிருப்பேன்.